பாட்டுப் போட்டுச் சொன்ன வரி

ஜூன் 30, திங்கள்

தொண்டை டாக்டர் இன்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேலை நேரம் போக மற்ற நேரத்தில் வாயைத் திறக்கக் கூடாதாம். குரல்வளையில் தடிப்பு விழுந்திருக்கிறதாம். ஒரு நாளைக்கு எண்பது தொண்ணூறு பேரிடம் கத்துகிறவளுக்கு வராமல் வேறு யாருக்கு வரும்? வேலையில் பேசாமல் இருந்து வீட்டில் பேசலாமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்காரர் லோகுவுக்கு ஒரே கொண்டாட்டம். பம்ப்செட் கம்பெனியில் நாள் முழுக்க இரும்புச் சத்தம் கேட்டுவிட்டு வருகிற மனுஷன். வீட்டில் என் சத்தமும் இல்லையென்றால் சும்மாவா இருப்பார்? அவரே கடைக்குப் போய் இந்த நோட்டை வாங்கி வந்து, "சொல்லணும்னு தோணுறதெல்லாம் இதுல எழுதிக்க ரேணு, நான் அப்புறமா படிச்சுக்கறேன்" என்றார். படிக்க மாட்டார். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

ஜூலை 1, செவ்வாய்

பேசாமல் இருப்பது எவ்வளவு கொடுமை! பால்காரர் சில்லறை குறைத்துக் கொடுத்தார். கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். டாட்டா காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவரும் கையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

என் வேலையைப் பற்றி எழுதவில்லையே. செல்போன் கம்பெனி ஒன்றின் வாடிக்கையாளர் சேவை. கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஆறாவது மாடி. நெட் வரவில்லை, சிக்னல் இல்லை என்று ஆட்கள் கூப்பிடுவார்கள். குறையைத் தீர்ப்பது எங்கள் வேலை என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். விற்பதுதான் எங்கள் வேலை. திட்டுகிற ஆளிடமும் எதையாவது விற்றுவிட்டுத்தான் போனை வைக்க வேண்டும். இந்த மாதம் புது வேக சிம். வீட்டுக்கே ஆள் போய் மாற்றிக் கொடுப்பார். ஆளுக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு.

பதினெட்டாம் தேதி டீம் லீடர் பதவிக்கு நேர்காணல். ஏழு வருஷமாக ஹெட்போன் மாட்டிய காதுக்கும் ஒரு விடுதலை வேண்டாமா. இந்த மாதம் டார்கெட் விழாமல் பார்த்துக்கொள் என்று ஜெயசீலன் சார் சொல்லியிருக்கிறார். அவர்தான் இப்போதைய டீம் லீடர். அவர் மேலே போனால்தான் அந்த இடம் எனக்கு.

ஜூலை 2, புதன்

பன்னிரண்டும் முடிந்தது. ஐந்தரைக்குப் பதினோராவதில் நின்றுகொண்டிருந்தேன். ஆறு மணிக்கு ஷிப்ட் முடிகிறது. கடைசியாக வந்தார் பெரம்பலூர்ப் பக்கத்து மனுஷர் ஒருவர், அய்யாக்கண்ணு என்று பெயர். வெங்காய விவசாயி. நெட் மெதுவாக இருக்கிறது என்றார். சிம்மை மாற்றினால் சரியாகும் என்றேன். மரியாதையான ஆள், ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. முடித்தாயிற்று.

பக்கத்து இருக்கை ஷமீனா எழுந்து நின்று கைதட்டினாள். யாராவது டார்கெட் முடித்தால் எழுந்து தட்ட வேண்டும் என்பது எங்கள் மாடியின் சட்டம். வரும் வழியில் அரைக்கிலோ வெண்டைக்காய்.

ஜூலை 3, வியாழன்

மாவு புளித்துவிட்டது. தோசைதான்.

ஜூலை 4, வெள்ளி

என் பெயரில் புகார்.

அந்தப் பெரம்பலூர்க்காரர்தான். நேற்றுக் காலை பத்து மணிக்கு எங்கள் ஆள் போய் சிம்மை மாற்றியிருக்கிறார். நெட் பிரமாதமாக வந்திருக்கிறது. ஆனால் எஸ்எம்எஸ் வரவில்லை. புது சிம் போட்டால் இருபத்துநாலு மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது. திருடர்கள் ஒருவர் நம்பரை இன்னொரு சிம்முக்கு மாற்றிப் பணத்தை அடிக்கக் கூடாது என்பதற்காக வைத்திருக்கிற விதி அது. நல்ல விதிதான்.

அவர் மகளுக்கு நர்சிங் கலந்தாய்வாம். எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்கிற பட்டியலை நேற்று மாலை ஐந்து மணிக்குள் கம்ப்யூட்டரில் உறுதி செய்ய வேண்டுமாம். அதற்கு அப்பா நம்பருக்கு ஓடிபி வரும். வரவில்லை. ஐந்து மணி தாண்டிவிட்டது. அரசுக் கல்லூரி இடம் போயிற்று.

ஜெயசீலன் சார் கூப்பிட்டு, அந்த வரியைச் சொன்னாயா என்று கேட்டார். சிம் விற்கும்போது இருபத்துநாலு மணி நேர விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும், எங்களுக்கு எழுதிக் கொடுத்த கட்டாய வரி. சொன்னேன் என்றேன். ரெக்கார்டிங்கை எடுத்துக் கேட்டார்கள். இருக்கிறது. ஒரு எழுத்துக் குறையாமல் இருக்கிறது. "எஸ்எம்எஸ், ஓடிபி எதுவும் வராது" என்று என் குரலிலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு, நான் சொன்னதெல்லாம் சம்மதம்தானுங்களே என்று கேட்கிறேன். அவர் "சரிம்மா" என்கிறார்.

ஆகவே என்மேல் தப்பில்லை. அழைப்புகளைக் கேட்டுச் சரிபார்க்கிற குவாலிட்டிப் பிரிவே சொல்லிவிட்டது.

ஜூலை 5, சனி

லீவு. பாத்திரம் தேய்த்தேன், துணி மடித்தேன், கொத்தமல்லித் தொக்கு செய்தேன். லோகு உப்புக் கூடிவிட்டது என்றார். தட்டை நங்கென்று வைத்தேன். பேசக் கூடாது என்றுதானே டாக்டர் சொன்னார், தட்டை வைக்கக் கூடாது என்று சொல்லவில்லையே.

ஒரு பெண்ணின் படிப்புக்குக் கடைசி நாள் வரைக்கும் யாராவது காத்திருப்பார்களா? நாலு நாள் முன்னாலேயே உறுதி செய்திருக்கலாம். ஊரில் கம்ப்யூட்டர் சென்டர் இல்லையா? எல்லாவற்றுக்கும் நாங்கள்தான் கிடைத்தோமா?

தொக்கில் உப்பு கூடத்தான் போயிருந்தது.

ஜூலை 7, திங்கள்

இன்று நடந்ததை எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

புதிதாகப் பதினான்கு பேர் சேர்ந்திருக்கிறார்கள். பயிற்சி அறையில் அவர்களுக்கு என் ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டினார்கள். கட்டாய வரியை எப்படித் தெளிவாகச் சொல்ல வேண்டும், பிறகு புகார் வந்தாலும் அது எப்படி நம்மைக் காப்பாற்றும் என்பதற்கு உதாரணமாம். ஜெயசீலன் சார் என்னையும் முன்னால் உட்கார வைத்தார். எல்லோரும் தட்டினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பின் வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். "ஓடிபி வராதுன்னு சொன்னா எங்கப்பாவா இருந்தா பத்துக் கேள்வி கேட்டிருப்பாருங்க. இவரு ஒன்னுமே கேக்கலையே சார்?" என்றாள். நாம் தெளிவாகச் சொன்னால் கஸ்டமருக்குக் கேள்வியே வராது என்றார் சார். பெண் தலையாட்டி எழுதிக்கொண்டாள்.

அவர் கேள்வி கேட்காததற்குக் காரணம், அவர் காதில் அது விழவே இல்லை.

எழுதிவிட்டேன்.

எங்கள் மாடியில் இதற்குப் பாட்டுப் போடுவது என்று பெயர். "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார், உங்க விவரத்தைப் பார்க்கிறேன்" என்று சொல்லி ஹோல்டில் போட்டுவிடுவோம். அவர்களுக்குக் கம்பெனிப் பாட்டு கேட்கும். அந்த நேரத்தில் கட்டாய வரியை நாங்கள் மைக்கில் சொல்லிவிடுவோம். எங்கள் குரல் ரெக்கார்டிங்கில் பதிவாகும், கஸ்டமருக்குக் கேட்காது. அப்புறம் ஹோல்டை எடுத்துவிட்டு, சம்மதம்தானே என்று கேட்டால் விலை விவரத்துக்குக் கேட்கிறோம் என்று நினைத்து அவர்கள் சரி என்பார்கள். ரெக்கார்டிங்கைக் கேட்கிறவருக்கு எல்லாம் முறையாக இருக்கும்.

யாரும் கற்றுத் தரவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. ஓடிபி வராது என்று நேராகச் சொன்னால் பத்தில் எட்டுப் பேர் அப்புறம் பார்க்கலாம் என்று வைத்துவிடுகிறார்கள். பன்னிரண்டு எங்கிருந்து வரும்? ஷமீனாவும் போடுகிறாள். எல்லோரும் போடுகிறார்கள். நான் கொஞ்சம் நிறுத்தி, அழகாகப் போடுகிறேன். அதனால்தான் உதாரணம் ஆகிவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

அய்யாக்கண்ணு புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

மேலிடத்திலிருந்து அவரைக் கூப்பிட்டு ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ரெண்டு தடவை கேட்டாராம். "ஆமாங்க, நான் சரின்னுதான் சொல்லிருக்கேன். எங்காதுலதான் விழுகாமப் போயிருக்கு" என்றாராம். ஜெயசீலன் சார் இதை டீ குடித்துக்கொண்டே சொன்னார். நான் என் டீயை அப்படியே வைத்துவிட்டேன். சண்டை போட்டிருக்கலாம் அந்த மனுஷர். கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கலாம். தன் காதையே குறை சொல்லிக்கொண்டு போயிருக்கிறார்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. புகார் முடிந்தால் சம்பந்தப்பட்டவரே கஸ்டமரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். நல்லுறவு அழைப்பு என்று பெயர். வருத்தம் தெரிவித்து, ஒரு சலுகையைச் சொல்லி, முடிந்தால் குடும்பத்தில் இன்னொருவருக்கும் புது சிம் விற்க வேண்டும். நான் விளையாட்டுக்கு எழுதவில்லை, ஸ்கிரிப்ட்டில் நாலாவது வரியில் அப்படித்தான் இருக்கிறது.

ஜூலை 9, புதன்

நல்லுறவு அழைப்பைப் பண்ணவில்லை. தொண்டை சரியில்லை என்றேன். எண்பத்தாறு பேரிடம் பேசினேன், அவரிடம் பேச மட்டும் தொண்டை சரியில்லை.

பாட்டும் போடவில்லை. நேராகச் சொல்லித்தான் விற்றேன். மூன்றுதான் போயிற்று. சார் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இன்னொன்றும் இருக்கிறது. அன்றைக்கு, ரெண்டாம் தேதி, அவர் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை என்று எழுதினேன் அல்லவா? பேசினார். எடுத்தவுடனே சொன்னார், மகளுக்குக் காலேஜ் பாரம் போடணும், நாலு நாளாக நெட்டில் அந்தப் பக்கம் திறக்கவே மாட்டேன் என்கிறது, நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணியோடு முடிகிறது என்று. கேட்டேன். நன்றாகக் காதில் விழுந்தது. நடுவில் மறுபடியும், நாளைக்குத்தாம்மா கடைசி என்றார். அப்போது மணி ஐந்து நாற்பத்திரண்டு. எனக்கு இன்னும் ஒன்று வேண்டியிருந்தது. நாளைக் காலையிலேயே ஆள் வருவார், கவலையே படாதீர்கள் என்றேன். அவர் நீ நல்லா இருக்கணும் என்றார்.

நாலு நாள் முன்னாலேயே செய்திருக்கலாம் என்று சனிக்கிழமை எழுதினேனே. அந்த நாலு நாளும் நெட் வராமல் செய்தது எங்கள் கம்பெனிதான். தெரிந்துகொண்டேதான் எழுதினேன். எனக்கே என்னைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

பதினொரு மணிக்குக் கூப்பிட்டேன். ஸ்கிரிப்ட் எதிரே திரையில் இருந்தது. பேரைச் சொல்லி, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று ஆரம்பித்தேன்.

பரவாயில்லைம்மா என்றார். பின்னால் எங்கேயோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் இரு என்று சொல்லி அதை நிறுத்திவிட்டு வந்தார். உங்களுக்கு வேலையில் ஏதும் கஷ்டம் வந்துவிடவில்லையே என்று கேட்டார். புகார் எழுதியது மகளாம். அவருக்கு அதில் விருப்பம் இல்லையாம். எழுதியபோது என்னமோ கோபத்தில் எழுதிவிட்டாள், மனசில் வைத்துக்கொள்ளாதே என்றார். எனக்கு ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிவிடலாம் போல இருந்தது.

பிறகு குரலைத் தாழ்த்தினார். மகள் பெயர் செவ்வந்தி. அந்த ரெக்கார்டிங்கைக் கேட்ட நாளிலிருந்து அவரிடம் பேசுவதில்லையாம். அத்தனை தெளிவாகச் சொல்லியிருக்கிறார்களே, காதை எங்கே வைத்துக்கொண்டு சரி என்று சொன்னீர்கள் என்று கேட்டாளாம். அதன் பிறகு ஒரு வார்த்தை இல்லையாம். சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போய்விடுகிறாளாம். அம்மா இல்லாத பெண்.

"ஒரு உதவி கேக்கட்டுமாம்மா?" என்றார்.

சொல்லுங்க ஐயா என்றேன்.

"எம் பொண்ணுகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். நீங்க சொல்லவே இல்லைன்னு. தப்பு உங்க பக்கம்னு. பொய்தான், எனக்குத் தெரியும். பாவம் உங்களை இழுக்கக் கூடாது. ஆனா எம் புள்ள எங்கூடப் பேசாம என்னால இருக்க முடியலம்மா."

எதிரே திரையில் நாலாவது வரி மின்னிக்கொண்டிருந்தது, குடும்பத்தினருக்கும் சலுகை உண்டு என்று. இந்த அழைப்பும் பதிவாகிறது என்று எனக்குத் தெரியும். பதினெட்டாம் தேதியும் ஞாபகம் இருந்தது. போனை மகளிடம் கொடுங்கள் என்றேன்.

அவள் எடுத்ததும் ஹலோ சொல்லவில்லை. மூச்சுச் சத்தம்தான் வந்தது. நான் ஏழு வருஷமாக எந்தக் கஸ்டமரிடமும் பேசாத குரலில் பேசினேன்.

"செவ்வந்தி, அன்னைக்கு உங்கப்பாகிட்டப் பேசினது நான்தாம்மா. ஓடிபி வராதுன்னு நான் அவர்கிட்டச் சொல்லல. அவரை ஹோல்ட்ல போட்டுட்டு, அவருக்குக் கேக்காம மைக்குல சொன்னேன். ரெக்கார்டிங்குல இருக்கறது அதுதான். அவருக்குப் பாட்டுத்தான் கேட்டிருக்கும். அவர் காது நல்லாத்தான் இருக்குது."

நாளைக்குக் கடைசி நாள் என்று அவர் ரெண்டு தடவை சொன்னார், ரெண்டு தடவையும் நான் கேட்டேன் என்றேன்.

"எதுக்குக்கா அப்படிப் பண்ணீங்க?" என்றாள். அழவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாள்.

அன்றைக்குப் பன்னிரண்டு ஆக ஒன்று குறைந்தது என்றேன். வேறு என்ன சொல்ல? அதுதான் உண்மை.

இனிமேல் அந்த இடம் கிடைக்காதுதானே என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். அவளுக்குத் தெரிந்திருந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டே "அப்பா" என்று கூப்பிட்டாள். அதற்குப் பிறகு ரெண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நான் ஹோல்டில் போடாமல், போனை வைக்காமல், சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் அவர் வந்தார். குரலே வேறாக இருந்தது. மகள் பேசிவிட்டாள் என்றார். எனக்காக இவ்வளவு பெரிய பழியைத் தலையில் போட்டுக்கொண்டாயே, யாரம்மா இப்படிச் செய்வார்கள் என்றார்.

"ஐயா, நான் பொய் சொல்லலீங்க. நிஜமாவே உங்களுக்குக் கேக்காமத்தான் சொன்னேன்."

சிரித்தார். "அட விடும்மா. என்கிட்டயுமா? நாந்தான் ரெண்டு தடவை கேட்டேனே. உங்க குரலு கணீர்னு இருந்துச்சு."

மறுபடியும் சொன்னேன். பாட்டுப் போடுவதைப் பற்றி முதலிலிருந்து விளக்கினேன். நடுவிலேயே, பிள்ளை குட்டியோட நல்லா இருக்கணும், தீர்க்காயுசா இருக்கணும் என்று சொல்லிக்கொண்டே போனை வைத்துவிட்டார்.

கழிவறைக்குப் போய் அழுதேன். ஷமீனா வெளியே நின்று கதவைத் தட்டினாள். தொண்டை வலி என்றேன்.

ஜூலை 11, வெள்ளி

நேற்றைய அழைப்பைக் குவாலிட்டியில் கேட்டிருக்கிறார்கள். எனக்கு வேலை போய்விடும் என்று துணிந்துதான் போனேன். ஜெயசீலன் சார் உட்காரச் சொன்னார். கோபித்துக்கொள்ளவில்லை. கஸ்டமர் பொய் சொல்லச் சொல்லிக் கேட்டது ரெக்கார்டிங்கில் தெளிவாக இருக்கிறதாம். அதனால் நான் சொன்னது எல்லாம் அவர் குடும்பத்தைச் சேர்த்து வைக்கச் சொன்ன பொய் என்று மேலிடத்தில் எடுத்துக்கொண்டார்களாம். இளகிய மனசு, ஆனால் இனிமேல் வேண்டாம் என்று எழுதிவிட்டார்களாம்.

பொய் இல்லை சார், உங்களுக்கே தெரியும் என்றேன்.

கதவைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "எனக்குத் தெரியாமயா ரேணுகா? நானும் ஆறு வருஷம் அந்த சீட்ல உக்காந்தவன்தான். நீ நிஜம்னு எழுதிக் குடுத்தா உன் ஒரு போன் கால் மட்டும் இல்ல, மாடியில அத்தனை பேர் ரெக்கார்டிங்கையும் தோண்டுவாங்க. ஷமீனாவுக்கு ரெண்டு குழந்தை. யோசிச்சுக்க."

யோசித்தேன். நாள் முழுக்க யோசித்தேன். பதினெட்டாம் தேதி நேர்காணல் அப்படியேதான் இருக்கிறது என்றும் சொன்னார். அந்த நிமிஷம் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும், வந்தது.

சாப்பாட்டு நேரத்தில் என் சொந்தப் போனிலிருந்து கலந்தாய்வு உதவி எண்ணைக் கூப்பிட்டேன். அந்தப் பெண்ணின் உறவினர் என்றேன். எடுத்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தச் சுற்று முடிந்து இடங்கள் ஒதுக்கியாயிற்று, இனி அடுத்த வருஷம்தான் என்றார்கள். எதையும் விற்கவில்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள்.

ஜூலை 12, சனி

காலையிலிருந்து ஒரு கடிதம் எழுதினேன். நடந்தது நடந்தபடி, நேரத்தோடு. மற்றவர்கள் பெயரை எழுதவில்லை, நான் செய்ததை மட்டும் எழுதினேன். கையெழுத்துப் போட்டு, என் ஊழியர் எண்ணையும் போட்டேன். கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு ஒன்று, பெரம்பலூருக்கு ஒன்று.

லோகு நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னவென்று கேட்டார். நீட்டினேன். நின்றபடியே படித்தார். படித்துவிட்டு, இதை அனுப்பினால் அந்தப் பதவி என்ன ஆகும் என்று கேட்டார். கையை விரித்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு வண்டிச் சாவியை எடுத்தார். தபாலாபீஸைச் சனிக்கிழமை சீக்கிரம் மூடிவிடுவார்கள், கிளம்பு என்றார்.

பெரம்பலூர்க் கடிதத்தில் யார் பெயரைப் போடுவது என்று கவுன்டரில் நின்று யோசித்தேன். அய்யாக்கண்ணு ஐயா நம்ப மாட்டார். எத்தனை கடிதம் போட்டாலும் அவர் எனக்கு நல்ல மனசு என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார், அதைத் தாங்க என்னால் முடியாது. செவ்வந்தி என்று எழுதினேன். அவள் நேற்று முன்தினமே நம்பிவிட்டாள். இந்த வருஷம் பூராவும் அப்பாவோடு வெங்காயக் காட்டில் நிற்கப்போகிறவள் அவள்தான். அவளாவது என்னைத் திட்டட்டும்.